வயிற்று அறுவைக்குப் பின் வடியாத வீக்கம்: வாசகியர் கேள்விகளும் டாக்டரின் பதில்களும்

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 39. சுங்கை சிப்புட்டில் வசிக்கிறேன். கணவர் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறார். நான் டவுனில் ஒரு துணிக்கடையில் நாள் முழுவதும் நின்று வேலை பார்க்கிறேன். இரண்டு பிள்ளைகளும் வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்டவர்கள். அதன் பிறகு வயிற்றுத் தோல் மடிந்து தொங்கி, மடிப்புக்குள் வேர்த்துப் புண்ணாகிப் பல ஆண்டுகள் அவதிப்பட்டேன். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில், கோலாலம்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையில், தொங்கும் தோலை நீக்கித் தசையை இழுத்துத் தைக்கும் அறுவையைச் செய்துகொண்டேன். இன்றோடு ஒன்பது வாரங்கள் ஆகின்றன. காலையில் வயிறு ஓரளவு தட்டையாக இருக்கிறது. கடை அடைத்து வீடு திரும்பும்போது ஐந்து மாதக் கர்ப்பிணி போல உப்பிவிடுகிறது. "மறுபடியும் விசேஷமா?" என்று எங்கள் தாமான் குடியிருப்பில் கேட்கிறார்கள். உருட் பிடிக்கும் பாட்டியை அழைத்து எண்ணெய் போட்டு உருவி, சூட்டுக்கல் ஒற்றி, பெங்குங் என்னும் நீளத் துணியை வயிற்றில் இறுகக் கட்டினால் எல்லாம் வடிந்துவிடும் என்று மாமியார் சொல்கிறார். மருத்துவமனைக்குப் போன் செய்தால், "அது நார்மல்தான்" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். அடிவயிற்றின் இடப்பக்கத்தில் மட்டும் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு மேடு தெரிகிறது. புரண்டு படுத்தால் அது நகர்வது போலவும் இருக்கிறது. வலி இல்லாததால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த வீக்கம் எப்போது வடியும்? பணத்தைக் கொடுத்து ஏமாந்துவிட்டேனா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: அன்புச் சகோதரிக்கு வணக்கம். உங்கள் கடிதத்தில் இரண்டு வீக்கங்கள் இருக்கின்றன. ஒன்றைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பொறுமையே பெரும்பாலும் போதும். மற்றொன்றைப் பற்றிக் கடைசியில் இரண்டே வரிகள் எழுதியிருக்கிறீர்கள். அதற்குத்தான் நீங்கள் இந்த வாரமே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆகவே கடைசி வரிகளிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு பக்கத்தில் மட்டும் எழும்பி, படுக்கும் நிலைக்கேற்ப இடம் மாறும் மேடு, தோலுக்கும் தசைக்கும் இடையில் நீர் தேங்கியிருப்பதைக் காட்டும் அடையாளமாக இருக்கக்கூடும். இதைச் செரோமா என்பார்கள். இந்த அறுவைக்குப் பின் மிகவும் பரவலாகக் காணப்படும் சிக்கல் இதுதான். அறுவையின்போது இடுப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கீறி, தோலையும் அதன் அடியிலுள்ள கொழுப்பையும் விலா எலும்பு வரை தசையிலிருந்து பிரித்துத் தூக்கி, மிகுதியான தோலை வெட்டி நீக்கிவிட்டு மீதியைக் கீழே இழுத்துத் தைக்கிறார்கள். பிரித்த இரண்டு பரப்புகளும் மீண்டும் ஒட்டிக்கொள்ளும் வரை அவற்றுக்கு நடுவே ஓர் இடைவெளி இருக்கும். அங்கே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் ஊறும். உங்களுக்கு முதலில் குழாய்கள் வைத்து, அதில் வடியும் அளவை நர்ஸ் தினமும் குறித்துவைத்தது இதனால்தான். ஒரு நாளில் வடிவது ஏறத்தாழ 30 மில்லிக்குக் கீழே இறங்கியதும் குழாயை எடுப்பது பல மருத்துவர்களின் வழக்கம். எடுத்த பிறகும் சிலருக்கு நீர் ஊறிச் சேர்கிறது. சீக்கிரம் வேலைக்குத் திரும்பி, நாள் முழுவதும் நின்று குனிந்து நிமிரும்போது, ஒட்டத் தொடங்கிய பரப்புகள் மீண்டும் உராய்ந்து விலகுவதும் அதற்கு ஒரு காரணமாகலாம்.

மல்லாந்து படுத்து, மேட்டின் ஒரு பக்கத்தில் ஓர் உள்ளங்கையை மெல்ல வைத்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்தில் மறு கையின் விரலால் இலேசாகத் தட்டுங்கள். தண்ணீர்ப் பையில் தட்டியது போல் உள்ளங்கையில் அலை வந்து முட்டினால், உள்ளே நீர் இருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அலை தெரியவில்லை என்பதால் நீர் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சிறிய தேக்கம் கைக்கு அகப்படாது, ஸ்கேனில்தான் தெரியும். சிகிச்சை எளிது. மருத்துவர் கிளினிக்கிலேயே ஊசி செலுத்தி நீரை உறிஞ்சி எடுப்பார். அந்த இடத்துத் தோல் இன்னும் மரத்திருப்பதால் வலி அதிகம் இராது. ஒரே தடவையில் முடியாமல், சில நாட்கள் இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறை எடுக்க வேண்டியிருக்கலாம். நீரை அப்படியே விட்டுவைத்தால் அதைச் சுற்றி ஒரு தடித்த உறை உருவாகிவிடும். உறை உருவான பிறகு ஊசி போதாமல் மீண்டும் அறுவை தேவைப்படுவது உண்டு. தேங்கிய நீரில் கிருமி சேர்ந்து சீழாவதும் உண்டு. வலி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மரத்துப்போன வயிறு வலியைக் காட்டிக் கொடுக்காது, சகோதரி.

மருத்துவமனையிலிருந்து வந்த பதில் எனக்கு வருத்தம் தருகிறது. ஒன்பது வாரத்தில் வீக்கம் இருப்பது இயல்புதான், அந்த அளவில் அவர்கள் சொன்னது பொய்யில்லை. ஆனால் வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் உங்கள் வயிற்றைப் பற்றி யாரும் அப்படிச் சொல்ல முடியாது. மீண்டும் அழைத்து, உங்களுக்கு அறுவை செய்த மருத்துவரிடமே பேச வேண்டும் என்று கேளுங்கள். "அடிவயிற்றில் இடப்பக்கம் மட்டும், நகரும் மேடு, செரோமாவாக இருக்குமோ என்று பார்க்க வேண்டும்" என்று இந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள். கோலாலம்பூர் இங்கிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல். கடையில் லீவு கிடைப்பதும் கடினம் என்று அறிவேன். இந்த வாரம் போக இயலாவிட்டால், டவுனிலுள்ள கிளினிக் டாக்டரிடம் காட்டி ஈப்போவில் ஸ்கேன் எடுக்கக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். வீடு திரும்பும்போது கொடுத்த காகிதங்களையும் மருந்துச் சீட்டுகளையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். என்ன அறுவை, என்று நடந்தது, குழாய் என்று எடுத்தார்கள் என்பது தெரிந்தால்தான் புதிதாகப் பார்ப்பவர் சரியாக முடிவெடுக்க முடியும்.

இனி, மாலையில் வயிறு முழுவதும் பரவும் வீக்கம். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. புதிதாக மண்சாலை வெட்டும்போது பழைய வடிகால்கள் குறுக்கே அறுபட்டால், மழை பெய்த மறுநாள் சாலைக்கு மேட்டுப் பக்கத்தில் தண்ணீர் நிற்கும். தண்ணீர் தனக்கென்று வேறு வழி அறுத்துக்கொள்ளும் வரை அது நின்றுகொண்டுதான் இருக்கும். உங்கள் வயிற்றிலும் அதுவே நடக்கிறது. தொப்புளுக்குக் கீழே உள்ள தோலின் நிணநீர், அதாவது திசுக்களிலிருந்து வடியும் நீர், இயல்பாகக் கீழ்நோக்கி ஓடித் தொடை இடுக்கிலுள்ள நிணநீர்க் கணுக்களில் சேரும். இடுப்புக்கு இடுப்பு ஓடும் அந்த நீண்ட தழும்பு அந்தப் பாதைகளை எல்லாம் குறுக்கே வெட்டிவிட்டது. அதனால்தான் தழும்புக்குச் சற்று மேலே உள்ள பகுதி கடைசி வரை உப்பலாக இருக்கிறது. நுண்ணிய நிணநீர்க் குழாய்கள் தழும்பைக் கடந்து புதிதாக இணைய மாதங்கள் ஆகும். பெரும்பகுதி வீக்கம் மூன்று மாதங்களில் குறையும். எஞ்சியது முற்றிலும் வடிய ஆறு மாதத்திலிருந்து ஓர் ஆண்டு வரை ஆகலாம். இறங்குவதும் ஒரே சீராக இராது. இரண்டு நாள் குறைந்து மூன்றாம் நாள் கூடும், மாதவிலக்கு நெருங்கும் நாட்களில் இன்னும் கூடும். நின்றால் நீர் கீழே இறங்கும், படுத்தால் பரவி வடியும். உங்கள் வயிறு காலையில் தட்டையாகவும் மாலையில் உப்பியும் இருப்பதன் காரணம் இவ்வளவுதான். நீங்கள் ஏமாறவில்லை.

தையற்காரர் வைத்திருக்கும் அளவு நாடா ஒன்றை வாங்கி, தொப்புள் மட்டத்திலும் அதற்கு நான்கு விரல் கீழேயும், வாரத்தில் ஒரே கிழமையில் காலையில் எழுந்தவுடன் அளந்து ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். மாலையில் அளக்க வேண்டாம். அது மனத்தை வருத்துவதைத் தவிர வேறு பயன் தராது. நான்கைந்து வாரக் கணக்கைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் இறக்கம் கண்ணுக்குத் தெரியும். காலை அளவு வாரத்துக்கு வாரம் ஏறினால், அது மருத்துவருக்குக் காட்ட வேண்டிய செய்தி.

மாமியார் சொன்னதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். நானும் தோட்டத்தில் பிறந்தவள். என் தாயாருக்கு ஒவ்வொரு பிரசவத்துக்குப் பின்னும் ஒரு மலாய்க்காரப் பாட்டி வந்து எண்ணெய் உருவி, துணியில் சுற்றிய சூட்டுக்கல்லை வயிற்றில் ஒற்றி, நீளத் துணியால் பெங்குங் கட்டியதைச் சிறுமியாக இருந்தபோது அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். பிள்ளை பெற்ற உடம்புக்கு அந்தக் கைகள் தந்த ஆறுதலை நான் குறைத்துப் பேச மாட்டேன். உங்கள் மாமியாரும் அந்த அன்போடுதான் சொல்கிறார். ஆயினும் பிரசவித்த வயிறும் உங்கள் வயிறும் ஒன்றல்ல. உங்கள் வயிற்றுத் தோல் அடித்தளத்திலிருந்து பிரிக்கப்பட்டு மீண்டும் ஒட்டிக்கொண்டு வருகிறது. பலமாக உருவினால் அந்த ஒட்டுகள் அறுந்து, நீர் தேங்கும் இடம் பெரிதாகும். நடுவே இழுத்துத் தைத்த தசைத் தையலும் அழுத்தத்தைத் தாங்காது. இடப்பக்க மேட்டின் மேல் யாருடைய கையும் படவே கூடாது. நிணநீரை வடிக்கவென்றே தோலை இறகு போலத் தடவும் ஒரு முறை உண்டு, அதற்குப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டுகள் இருக்கிறார்கள். உங்கள் அறுவை மருத்துவர் சம்மதித்தால், மேட்டுக்குச் சிகிச்சை முடிந்த பிறகு அதைச் செய்துகொள்ளலாம். அது சிலருக்கு இதமளிக்கிறது. வீக்கத்தை அதுவே தீர்த்துவிடும் என்று நான் வாக்களிக்க மாட்டேன்.

சூட்டுக்கல்லை மட்டும் கண்டிப்பாக மறுக்கிறேன். தொப்புளுக்குக் கீழே உங்களுக்குத் தொடு உணர்வு சரியாக இல்லை. உணர்வு நரம்புகளும் அறுவையில் வெட்டப்பட்டவை, அவை திரும்பப் பல மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு பகுதி மரத்தே இருந்துவிடும். சூடு அதிகம் என்று சொல்ல அந்தத் தோலுக்கு வாய் இல்லை. ரத்த ஓட்டமும் முழுமையாகத் திரும்பாத தோலில் சுட்ட புண் எளிதில் ஆறாது. இதே காரணத்தால் வெந்நீர்ப் பையும் வேண்டாம், ஐஸ் கட்டியை நேராக வைப்பதும் வேண்டாம்.

பெங்குங் துணிக்கும் மருத்துவர் கொடுத்த அழுத்த உடைக்கும் நோக்கம் ஒன்றுபோலத் தோன்றினாலும் வேலை வேறு. அழுத்த உடை வயிறு முழுவதும் ஒரே அளவாக அணைத்துப் பிடிக்கிறது. கையால் சுற்றும் துணி ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தளர்ந்து, இறுகிய மடிப்பின் கீழ்த் தோலின் ரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது. மிகவும் இறுக்கிக் கட்டினால் கால்களிலிருந்து ரத்தம் மேலேறுவதும் தடைப்படும். பெரும்பாலான மருத்துவர்கள் முதல் ஆறு வாரங்கள் இந்த உடையை அணியச் சொல்கிறார்கள். உங்களுக்கு எத்தனை வாரம் என்று சொன்னார்களோ அதுவே கணக்கு. அதன் பிறகும் நின்று வேலை செய்யும் நேரத்தில் அணிவது இதமாக இருந்தால் அணியலாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் உள்ளே மெல்லிய பருத்திப் பனியன் ஒன்றைப் போட்டுக்கொண்டு, இரண்டு உடைகளை மாற்றி மாற்றித் துவைத்து உலர்த்தி அணியுங்கள். வேர்வை ஈரத்தில் தேமல் வந்து, அதைச் சொறிந்து புண்ணாக்கிக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

சாப்பாட்டில் உப்பு. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது. அது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. காலையில் இக்கான் பிலிஸ் சம்பலோடு நாசி லெமாக், மதியம் கருவாட்டுக் குழம்பு, இரவில் பாக்கெட் தூளோடு மேகி மீ என்று ஒரு நாள் ஓடினால் அந்த அளவை எப்போதோ தாண்டியிருப்போம். ஒரு வாரம் இவற்றை விலக்கிப் பாருங்கள், மாலை வீக்கத்தில் வித்தியாசம் தெரியக்கூடும். கடை முதலாளியிடம் கேட்டு, மணிக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் நடக்கவும் சாய்ந்து உட்காரவும் இடம் செய்துகொள்ளுங்கள். பாரமான துணிக் கட்டுகளைத் தூக்குவதற்கு உங்கள் மருத்துவர் அனுமதி தரும் வரை மற்றவர்களைத் தூக்கச் சொல்லுங்கள்.

எந்த நேரத்திலும் தாமதிக்கக் கூடாத அறிகுறிகளையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். காய்ச்சல் 38 பாகைக்கு மேல் ஏறினாலோ, தோல் சிவந்து சூடாகிப் பரவினாலோ, தழும்பிலிருந்து சீழோ துர்நாற்றமோ வந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி ஆடுசதை வலித்தால் அது காலின் ஆழமான ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்ததாக இருக்கலாம். திடீரென்று மூச்சு வாங்கி நெஞ்சு வலித்தால் அந்த உறைவு நுரையீரலுக்குப் போயிருக்கலாம். அழகுக்கான அறுவைகளில் இந்த ஆபத்து அதிகமுள்ளவற்றில் வயிற்று அறுவையும் ஒன்று. முதல் சில வாரங்களில்தான் இதற்கு வாய்ப்பு மிகுதி என்றாலும், மூச்சுத் திணறல் வந்தால் வாரக் கணக்கு பார்க்காமல் 999 என்ற எண்ணை அழையுங்கள்.

இன்னொன்று. கடிதத்தில் பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறீர்கள், போடவில்லை. "அழகுக்காக அறுத்துக்கொண்டாள், படட்டும்" என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற கூச்சத்தால் பெண்கள் மருத்துவரிடம் திரும்பிப் போகத் தயங்குவதை என் அறையில் பல முறை கண்டிருக்கிறேன். ஊசியில் தீர வேண்டிய நீர்த் தேக்கம் உறை கட்டி மீண்டும் கத்திக்குப் போவதற்கு அந்தத் தயக்கமும் ஒரு காரணம். மடிப்புக்குள் புண்ணோடு பல ஆண்டுகள் நின்று வேலை பார்த்த ஒருத்தி தன் சொந்தப் பணத்தில் செய்துகொண்ட சிகிச்சைக்கு யாரிடமும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. கிளினிக் டாக்டரிடம் தலை நிமிர்ந்து சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு இதே அறுவை முடிந்து பதின்மூன்று மாதங்கள் ஆகின்றன. தொப்புளுக்கு மேலே இன்னும் உப்பலாக இருக்கிறது. தெரிந்தவர் கொடுத்த நீர் மாத்திரை இரண்டு வாரம் சாப்பிட்டேன், குறையவில்லை. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வயிற்று வீக்கத்துக்கென்று ஜாமு என்னும் மூலிகை மருந்து ஒன்றை விற்கிறார்கள். அதை வாங்கிச் சாப்பிடலாமா? (ஒரு வாசகி, சுங்கை சிப்புட் தோட்டப்புறம்)

பதில்: இரண்டும் வேண்டாம். நீர் மாத்திரை சிறுநீரகத்தின் வழியே உடம்பின் உப்பையும் நீரையும் வெளியேற்றும். நிணநீர் தேங்கி வரும் வீக்கத்தில் புரதமும் கலந்திருப்பதால் அது இந்த மாத்திரைக்கு வசப்படாது. பொட்டாசியம் குறைந்து தலைசுற்றலும் தசைப்பிடிப்பும் வருவதுதான் மிச்சம். ஜாமு விஷயத்தில் எனக்குள்ள அச்சம் இன்னும் பெரிது. பதிவு செய்யப்படாத பாரம்பரிய மருந்துகள் சிலவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருப்பதை நமது சுகாதார அமைச்சு பல முறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அதைத் தின்றால் முதலில் உடம்பு நலமானது போலத் தோன்றும். பிறகு முகமும் வயிறும் பருக்கும், புண் ஆறுவது தாமதிக்கும், சர்க்கரை ஏறும். எந்தப் பாரம்பரிய மருந்தை வாங்கினாலும் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தாலும் இந்த உப்பலுக்கு அது மருந்தாகாது.

பதின்மூன்று மாதங்களுக்குப் பின் எஞ்சியிருப்பதை நான் வீக்கம் என்று சொல்லத் தயங்குவேன். காலையிலும் மாலையிலும் ஒரே அளவாக இருக்கிறதா என்று முதலில் கவனியுங்கள். ஒரே அளவென்றால் காரணம் வேறு. குடலைச் சுற்றித் தசைக்கு உள்ளே சேரும் கொழுப்பை இந்த அறுவை தொடுவதே இல்லை; எடை கூடியிருந்தால் அது உள்ளிருந்து தள்ளும். மல்லாந்து படுத்துத் தலையை மட்டும் தூக்கும்போது நடுவில் கூரையின் முகடு போல எழுந்தால், தைத்த தசை மீண்டும் விலகியிருக்கலாம். இருமும்போது ஓரிடத்தில் மட்டும் பிதுங்கினால் அது குடலிறக்கமாக இருக்கக்கூடும். அதில் வலியும் வாந்தியும் சேர்ந்தால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். பழைய செரோமா உறை கட்டி நின்றாலும் இப்படித் தோன்றலாம். இவற்றில் எது என்பதைப் பரிசோதனையும் ஸ்கேனும் காட்டிவிடும். அறுவை செய்த மருத்துவரிடம் ஓராண்டுப் பரிசோதனை என்று கேட்டுப் போங்கள்.

கேள்வி: அறுவை செய்துகொண்டு ஆறு வாரங்கள் ஆகின்றன. தைப்பூசத்தன்று பத்து வாரங்கள் ஆகியிருக்கும். ஈப்போ கல்லுமலைக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டுதல். இப்போதே சைவ விரதம் தொடங்கிவிட்டேன், ஒரு வேளைதான் சாப்பிடுகிறேன். எடுக்கலாமா? (சுங்கை சிப்புட் வாசகி)

பதில்: குடத்தின் எடையை விட, கூட்டத்தில் பல மணி நேரம் வெயிலில் வெறுங்காலோடு நிற்பதும், நெரிசலில் யாராவது முழங்கையால் வயிற்றில் இடித்துவிடுவதும்தான் எனக்குக் கவலை தருகின்றன. அந்தப் பத்தாவது வாரத்தில் உங்கள் மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து நீர்த் தேக்கம் இல்லை என்று உறுதி சொன்னால், கூட்டம் குறைந்த விடியற்காலையில், சிறிய குடத்தோடு, கூட ஒருவர் துணைக்கு நடக்க எடுக்கலாம். இல்லையென்றால் உங்களுக்காக வீட்டில் ஒருவர் எடுக்கட்டும். அடுத்த ஆண்டு நீங்கள் எடுங்கள்.

ஒரு வேளைச் சாப்பாட்டை மட்டும் இன்றே மாற்றிக்கொள்ளுங்கள். காயம் ஆறப் புரதம் வேண்டும். ரத்தத்தில் புரதம் மிகவும் குறைந்துபோனால் நீர் குழாய்களை விட்டுக் கசிந்து வீக்கம் கூடும். சைவத்திலேயே அதற்கு வழி இருக்கிறது. மூன்று வேளையும் ஏதாவது ஒன்றாகப் பருப்பு, கொண்டைக்கடலை, சோயாவில் செய்யும் தவு, தெம்பே, பால், தயிர் என்று தட்டில் வையுங்கள், ஊறுகாயையும் அப்பளத்தையும் தைப்பூசம் வரை ஒதுக்கி வையுங்கள்.